ஆர்விட் லுண்டேயின் பன்னிரண்டாவது பாகம்

ஒரே ஆட்டத்தில், சட்டை மாற்றாமல், இரண்டு அணிகளுக்கும் விளையாடிய ஒரே ஆள் ஆர்விட் லுண்டே. 1943 நவம்பரில், அயோவாவில், ஆர்சன் கல்லூரி மைதானத்தில் அது நடந்தது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து; பந்து அப்போது என் கையில் இருந்தது. அதனால் எனக்குத் தெரியும். சந்தேகம் உள்ளவர்கள் நடுவரைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் இறந்து இருபது வருஷம் ஆகிறது. ஆனால் பிழைப்புக்கு அவர் செய்தது பிணம் அடக்கம் செய்கிற தொழில் என்பதால், இறந்த பிறகும் ஒழுங்காகவே நடந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

ஆர்விட் ஐந்து பிள்ளைகளில் கடைசி. நார்வேயிலிருந்து வந்த குடும்பம், சோளமும் பன்றியும். பன்றிகளை எடை போட அவன் அப்பா தராசு வாங்கியதில்லை. ஆர்விட் ஒரு பன்றியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "இருநூத்திப் பதினாறு" என்பான். சந்தைத் தராசு வேறு ஏதாவது காட்டினால் தராசைப் பழுது பார்க்க அனுப்புவார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு குறை. பிறந்ததிலிருந்து அவன் புதுத் துணி போட்டதில்லை. மூத்தவன் தோர்வால்ட் போட்டது இரண்டாமவனுக்கு, அது மூன்றாமவனுக்கு, பிறகு நான்காமவனுக்கு. மிச்சம் இருப்பது ஆர்விட்டுக்கு. பதிமூன்று வயதில் அவன் உருவத்தில் நான்கு அண்ணன்களையும் விடப் பெரியவனாகிவிட்டான். துணிக்கு அது தெரியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அவன் அம்மா கால்சட்டையின் அடியில் வேறொரு துணியைச் சேர்த்து நீட்டுவார். வெட்டிய மரத்தில் வளையம் எண்ணுவதுபோல் அவன் கால்சட்டையில் நிறங்களை எண்ணி வயதைச் சொல்லலாம். போருக்காகக் கடற்படையில் சேர்ந்தபோது கொடுத்த சீருடை புதிதுதான். ஆனால் போர் முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அதனால் அதையும் இரவல் கணக்கிலேயே வைத்திருந்தான்.

கடற்படை அந்த வருஷம் பையன்களைக் கல்லூரிகளில் போட்டுப் படிக்கவைத்து அதிகாரிகளாக்கிக்கொண்டிருந்தது. எங்கே படிப்பது, எப்போது வேறு கல்லூரிக்கு மாறுவது எல்லாம் அவர்கள் உத்தரவு. எந்தக் கல்லூரியில் இருக்கிறார்களோ அந்தக் கல்லூரிக்கு விளையாடலாம். ஆர்விட்டை எங்கள் டனிங் கல்லூரிக்கு அனுப்பினார்கள். நாங்கள் ஊரோடு வேண்டிக்கொண்டிருந்தது அதைத்தான். ஏனென்றால் டனிங்கில் மிச்சம் இருந்தவர்கள் ராணுவ மருத்துவர் திருப்பி அனுப்பியவர்கள். பந்தை முதலில் பின்னால் தள்ளிக் கொடுக்கிற போகோர்னிக்கு ஒரு கண் கண்ணாடியில் செய்த பொய்க் கண். எனக்கு இடது காதில் ஓட்டை. மேற்குக் காற்று அடித்தால் அந்தக் காது விசில் போல ஊதும். நடுவர் ஊதினார் என்று நினைத்து இரண்டு தடவை ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் உண்மையான பயிற்சியாளர் போருக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் கணிதப் பேராசிரியர் பிளம்லியை நிறுத்தினார்கள். மெலிந்த மனிதர். ஒரு கையில் விசில், மறு கையில் நோட்டுப் புத்தகம். யார் எந்த ஆட்டத்தில் எத்தனை பாகம் விளையாடினார்கள் என்று அதில் குறித்துவைப்பார். ஆட்டத்துக்கு நான்கு பாகம். ஒரு பருவத்தில் பன்னிரண்டு பாகம் விளையாடியவனுக்கு, மனையியல் படிக்கும் பெண்கள் அளவெடுத்து, நீலக் கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருவார்கள். நெஞ்சில் வெள்ளையாக டி எழுத்து. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் மேயர்கூட ஒதுங்கி வழிவிடுவார். எங்கள் மேயர் எல்லாருக்குமே வழிவிடுகிறவர்தான். இருந்தாலும்.

இதைக் கேள்விப்பட்ட அன்றே ஆர்விட் மனையியல் ஆசிரியை மிஸ் பிராண்டைத் தேடிப் போனான். நானும் கூடப் போனேன்.

"நிஜமாவே அளவு எடுப்பீங்களாம்மா?"

"எடுக்காம எப்படிப்பா பின்றது? ஜோசியம் பார்த்தா?"

"எனக்குன்னே பின்னுவீங்களா? எனக்கு மட்டும்?"

மிஸ் பிராண்ட் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனை மேலிருந்து கீழே பார்த்தார். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது. "உன் அளவுல பின்னினா அது வேற யாருக்குப்பா ஆகும்? தானியக் கொட்டகைக்கா?"

வெளியே வந்ததும் ஆர்விட் சாலையோரம் பழுதாகி நின்ற ஒரு காரைப் பின்பக்கமாகத் தூக்கி நகர்த்தி வைத்தான். சந்தோஷம் வந்தால் அவன் அப்படி ஏதாவது செய்வான்.

முதல் ஆட்டம், நான்கு பாகம். இரண்டாவது ஆட்டத்தில் மூன்றாவது பாகம் முடியும்போது அவன் இடது காலணி வாயைப் பிளந்துவிட்டது. தோர்வால்ட் போட்ட காலணி அது. காலணிக்கு ரேஷன் இருந்த வருஷம்; அவன் காலுக்கு ஆகிற ஜோடி மாநிலத்திலேயே கிடையாது. வெறுங்காலோடு இறங்குகிறேன் என்றான், நடுவர் விடவில்லை. நான்காவது பாகம் முழுக்க ஓரமாக உட்கார்ந்து காலணியை முறைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆட்டத்துக்குக் கொல்லர் தகரம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதில் மறுபடி நான்கு பாகம். ஆக மொத்தம் பதினொன்று.

அடுத்த திங்கட்கிழமை உத்தரவு வந்தது. ஆர்விட் லுண்டே பொறியியல் வகுப்புக்காக ஆர்சன் கல்லூரிக்கு மாறவேண்டும். பதினெட்டு மைல். ஆர்சன்தான் எங்கள் பரம எதிரி. கடைசி ஆட்டம் அவர்களோடுதான்.

ரயில் நிலையத்தில் பிளம்லி வழியனுப்ப வந்தார். ஆர்விட் பெட்டியைக் கீழே வைக்காமலே பேசினான்.

"கோச், பதினொண்ணு ஆச்சு."

"ஆமாம்பா. குறிச்சு வெச்சிருக்கேன்."

"பதினொண்ணு, பன்னெண்டுக்கு ரொம்பக் கிட்டதானே கோச்?"

பிளம்லியின் கை பென்சிலுக்குப் போனது. ஆனால் கணக்கு வாத்தியார். "பத்துக்கும் அதே தூரம்தான்பா" என்றார்.

"யோவ், ஒண்ணே ஒண்ணுதானே! சேர்த்துப் போட்டா என்ன?" என்றேன் நான். பேராசிரியரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எம்மெட், இன்னிக்கு நான் ஒண்ணு கூட்டினா நாளைக்கு உன் பரீட்சையிலயும் கூட்டச் சொல்லுவே."

நியாயமான பயம்தான். அதற்கு முந்தின வாரமே சொல்லியிருந்தேன்.

ஆர்சனில் ஸ்வெட்டர் வழக்கமே கிடையாது. பருவம் முடிந்ததும் ஒரு காகிதம், ஒரு கைகுலுக்கல். அங்கே பயிற்சியாளர் மக்ரூடர் என்பவர். அவர் ரகசியம் பேசினால் பக்கத்து ஊரில் மாடு எழுந்து நிற்கும். ஆர்விட் போய்ச் சேர்ந்த அன்றே அவனை நாற்காலியில் உட்கார வைத்து, டனிங்கின் சங்கேத எண்களை எல்லாம் சொல்லு என்றாராம். கோட்டருகே நான் ஒரு எண்ணைக் கத்துவேன்; அதைக் கேட்டு யார் எந்தப் பக்கம் ஓடி யாரை முட்ட வேண்டும் என்று எங்கள் பதினொரு பேருக்கும் தெரியும். ஆர்விட் மனப்பூர்வமாக யோசித்துப் பார்த்தானாம். ஒன்றும் வரவில்லை.

"முப்பத்தி நாலுன்னா என்னடா?"

"தெரியலைங்க கோச்."

"மூணு மாசம் ஆடியிருக்கே!"

"ஆடினது கால்தாங்க. என்னை யாரும் கேட்டதில்லை."

விசுவாசத்தால் மறைக்கிறான் என்று மக்ரூடர் முடிவு செய்து, அவனை ரொம்ப மதிக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் எண்களை மாற்றிவிடலாமா என்று பேச்சு வந்தது. பழைய எண்களைப் போகோர்னி கற்றுக்கொண்டு முடித்தது முந்தின வாரம்தான். அதனால் விட்டுவிட்டோம். முப்பத்தி நாலை மட்டும் ஒதுக்கிவைத்தோம். அது ஆர்விட் வலப்பக்கம் பாய்ந்து எதிரில் வருகிறவனைச் சாய்க்க, அவன் முதுகுக்குப் பின்னால் நான் ஓடுகிற ஆட்டம். அவன் இடத்துக்கு வந்த பையனின் முதுகுக்குப் பின்னால் ஒரு கோழிகூட ஒளிய முடியாது.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ஆர்சனில் அடித்த காற்றைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. எங்கள் பையன் முதல் பாகத்தில் பந்தை உதைத்தான். அது மேலே போய், யோசித்து, அவன் தலைக்குப் பின்னால் முப்பது அடியில் விழுந்தது. அவ்வளவுதான் சொல்வேன். என் காது இரண்டு மணி நேரம் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. நடுவர் கடைசியில் என் காதில் பஞ்சு அடைக்கச் சொன்னார். அவர் பையில் எப்போதும் பஞ்சு இருக்கும், தொழில் அப்படி.

ஆர்விட் சிவப்புச் சட்டையில் எனக்கு நேர் எதிரே நின்றான். அதுவும் இரவல், நெஞ்சு வரைதான் வந்தது.

"என்னடா எம்மெட், சௌக்கியமா?"

"இருக்கேன். மிதிச்சுடாதே."

"பார்த்து மிதிக்கிறேன்."

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் ஒவ்வொரு எண்ணையும் கத்தும்போது அவன் தொடைகள் நடுங்கின. சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்ட நாய்போல. கையால் புல்லைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். மூன்று பாகம் அப்படியே சமாளித்தான். ஆர்சன் ஆறு, நாங்கள் பூஜ்யம்.

நான்காவது பாகம். பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி தருகிற அவர்கள் எல்லைக்கோட்டுக்கு இன்னும் இருபது கெஜம். எதுவும் பலிக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, காதில் பஞ்சு. எந்த எண்ணைச் சொல்வது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல், வாய்க்கு வந்ததைக் கத்தினேன்.

"முப்பத்தி நாலு!"

வாயிலிருந்து போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அதற்குள் போகோர்னி பந்தைத் தள்ளிவிட்டான். எதிரே ஆர்விட் எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்க்கவில்லை. மூன்று மாதம் பழகிய மாதிரியே வலது பக்கம் திரும்பி, தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான். முதலில் எதிர்ப்பட்டவன் ஆர்சனின் டெக்ஸ்டர் ஹூப், அவர்கள் அணியிலேயே முரட்டு ஆள். இடது தோள் அவன் வயிற்றில் பதிந்தது. டெக்ஸ்டர் போய் அடுத்தவன்மேல் விழ, அவன் அதற்கடுத்தவன்மேல் விழ, ஆர்சனின் அந்தப் பக்கம் மொத்தமும் காற்றில் சாய்ந்த சோளக்கொல்லை மாதிரி படுத்துவிட்டது.

நான் ஓட வேண்டியது எதிர்ப்பக்கம். ஆனால் அந்த முதுகு ஓடியது. என் காலும் அதன் பின்னாலேயே போய்விட்டது. இருபது கெஜம் நிதானமாக நடந்தே போனேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஓடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்விட் நின்று, கீழே கிடந்தவர்களின் சட்டை நிறத்தைப் பார்த்தான். தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ" என்றான்.

நடுவர் சட்டப் புத்தகத்தை எடுத்து முழுதாகப் படித்தார். காற்றில் பக்கங்கள் பறந்தன. அவற்றைப் பிடித்து வந்து அவற்றையும் படித்தார். எதிரியை எப்படி இடிக்கக்கூடாது என்று நாற்பது பக்கம் இருந்தது. சொந்த ஆளை இடிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆறு புள்ளி எங்களுக்கே என்று கை தூக்கினார். கூடுதலாக ஒரு புள்ளிக்காக எங்கள் பையன் பந்தை உதைத்தான். அது மறுபடி பின்னாலேயே வந்தது. ஆறுக்கு ஆறு, ஆட்டம் சமன்.

ஆட்டம் முடிந்து நான் ஆர்சனின் உடை மாற்றும் அறைக்குப் போனபோது ஆர்விட் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனோடு பேசவில்லை. மக்ரூடர் மட்டும் எல்லாருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சன்னல் அதிர்ந்தது. அப்போது பிளம்லி நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மக்ரூடர் சார், ஒரு சின்ன சந்தேகம். நாலாவது பாகத்துல இந்தப் பையன் யாருக்காக விளையாடினான்?"

"யாருக்காகவா? உங்களுக்காகய்யா! முழுக்க முழுக்க உங்களுக்காக! எந்தக் கோர்ட்டுல வேணாலும் சத்தியம் பண்றேன்!"

"கோர்ட் வேண்டாம். இந்தப் பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

மக்ரூடர் கோபத்தில் பென்சிலை வாங்கி எழுதினார். அழுத்தியதில் பென்சில் இரண்டு தடவை உடைந்தது. எழுதி முடித்த பிறகுதான், "எதுக்கு இது?" என்றார்.

பிளம்லி சொன்னார். எங்கள் விதியில் டனிங்குக்காகப் பன்னிரண்டு பாகம் என்றுதான் இருக்கிறது; எந்தச் சட்டையில் என்று இல்லை. இவனுக்குப் பதினொன்று முடிந்திருந்தது.

மக்ரூடர் காகிதத்தைக் கையிலிருந்து விடவில்லை. ஆர்விட்டிடம் வந்து குனிந்தார். முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். எங்களுக்குப் பயமாக இருந்தது.

"ஸ்வெட்டருக்காகப் பண்ணினியாடா?"

ஆர்விட் நிமிர்ந்து பார்த்தான். ஆமாம் என்றால் மோசடி, இல்லை என்றால் எங்களுக்காக ஆடவில்லை; எப்படியும் ஸ்வெட்டர் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. பதினொன்றோடு அவன் கப்பலேறிவிடுவான்.

"இல்லைங்க கோச். கால் முதல்ல போயிடுச்சு. நான் பின்னாலதான் போனேன். அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடுங்க. டெக்ஸ்டருக்கு ரொம்ப வலிக்குது."

மூலையில் வயிற்றில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்த டெக்ஸ்டர் முனகினான். "கிழிக்காதீங்க கோச். இந்த வருஷம் எட்டு ஆட்டம் ஆடியிருக்கேன். என்னை இப்படி எவனும் தள்ளினதில்லை. இதுக்கு ஸ்வெட்டர் தரலைன்னா எனக்குத்தான் அவமானம்."

மக்ரூடர் அவனைப் பார்த்தார், ஆர்விட்டைப் பார்த்தார், தலைக்கு மேல் தொங்கிய அந்தச் சின்னச் சிவப்புச் சட்டையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் கத்தினதைவிட அது சத்தம். காகிதத்தைப் பிளம்லியிடம் நீட்டி, "எண்ணிக்கோங்கய்யா" என்றார். பிளம்லி எண்ணினார். பதினொன்றும் ஒன்றும் சேர்ந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

டிசம்பர் முதல் வாரம் மிஸ் பிராண்ட் அளவெடுத்தார். ஒரு அளவு நாடா போதவில்லை. இரண்டை முடிச்சுப் போட்டுச் சேர்த்தார். ஆர்விட் கைகளை விரித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், தேவாலயத்தில் நிற்கிறவன் மாதிரி நின்றான். அளந்து முடித்ததும், "இன்னொரு தடவை அளங்கம்மா. தப்பாயிடக்கூடாது" என்றான். அவர் மறுபடி அளந்தார். மூன்றாவது தடவை அவன் கேட்காமலே அவராகவே அளந்தார்.

போர்க்காலத்தில் கம்பளி நூல் எங்கே கிடைக்கிறது? இருந்த நீல நூல் சாதாரண மனிதர்கள் இரண்டு பேருக்குப் போதும். ஆர்விட்டுக்கு இடது கை குறைந்தது. பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்துப் பின்னலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். மிஸ் பிராண்ட் அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் படிப்பையே மாற்றிக்கொண்டாள். விஷயம் ஆர்சனுக்கு எட்டியது. மக்ரூடர் ரயிலில் ஒரு பொட்டலம் அனுப்பினார்: கடையிலிருந்து வந்தபடியே பிரிக்காத சிவப்பு நூல், கூடவே ஒரு சீட்டு. "எங்க ஆளை இடிச்சது எந்தக் கையோ அந்தக் கை எங்க நிறத்துல இருக்கட்டும்."

அப்படியே பின்னினார்கள். உடல் நீலம், வலது கை நீலம், இடது கை சிவப்பு, நெஞ்சில் வெள்ளை டி. அதைப் போட்டுக்கொண்டு அவன் டனிங் தெருவில் நடந்தபோது இடது பக்கத்தைப் பார்த்துக் கிண்டல் செய்தார்கள். ஆர்சனில் வலது பக்கத்தைப் பார்த்து. இரண்டு ஊரிலும் ஆப்பிள் பலகாரம் வாங்கிக்கொடுக்க ஆள் இருந்தது. அவன் ஸ்வெட்டரில் ஒரு துளி சிந்தாமல் எல்லாவற்றையும் தின்றான்.

கிறிஸ்துமஸுக்கு விடுப்பில் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். மூத்தவன் தோர்வால்டும் ராணுவத்திலிருந்து வந்திருந்தான். சமையலறைக்குள் ஆர்விட் நுழைந்ததும் குடும்பம் முழுக்க எழுந்து நின்று ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தது. அவன் அம்மா உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு ஒட்டுக்கூட இல்லை. அவனுக்கு இரண்டு தட்டு மீன் வைத்தார்.

தோர்வால்ட் அவனைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். "டேய் ஆர்விட், இன்னிக்குச் சாயங்காலம் ஊர்க் கூடத்துல நடனம் இருக்கு. ஒரே ஒரு தடவை குடேன்டா."

"பெருசா இருக்குமே அண்ணா."

"பரவாயில்லைடா. மடிச்சு விட்டுக்கறேன்."

ஆர்விட் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தான், பன்றியை எடை போடுகிற மாதிரி.

"தரேன் அண்ணா. முதல்ல நான் போட்டுக் கிழிச்சுடறேன். அப்புறம் உனக்குத்தான்."

தோர்வால்டுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன வாரம்கூடப் பார்த்தேன், இன்னும் காத்திருக்கிறார்.